எள்ளும் கொள்ளும் டப்பாவும்

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. சங்கரன்கோவில் வட்டாரத்தில் இந்தப் பழமொழி தெரியாத வீடு இருக்காது. மெலிந்த பையனைத் தெருவில் பார்த்தால், "ஏலே, வீட்ல சோறு போடுதாங்களா இல்லையா?" என்று கேட்டுவிட்டு, எள்ளுருண்டை பிடித்துக் கொடுக்கச் சொல்லி அவன் அம்மாவுக்கும் சேதி அனுப்புவார்கள். உடம்பு போட்டவருக்குக் கொள்ளு ரசம். ஏற்றவும் இறக்கவும் ஊருக்குத் தெரிந்த சரக்கு இரண்டுமே மளிகைக் கடைச் சாக்கில் கிடந்தன.

இன்று அதே இரண்டு கேள்விகளோடு பையன்கள் ஜிம்முக்குப் போகிறார்கள். "மாஸ்டர், உடம்பு ஏறணும்." "மாஸ்டர், தொப்பை குறையணும்." இரண்டுக்கும் டப்பா உண்டு. ஏற்ற மாஸ் கெய்னர், இறக்க ஃபேட் பர்னர், சதை பிடிக்க வே புரோட்டீன், மறுநாள் வலி தெரியாமல் இருக்க பிசிஏஏ, பயிற்சிக்கு முன் ஒரு கரண்டி பிரீ வொர்க்கவுட்.

அந்தக் காலத்து உடம்பு இப்போது வருமா என்று பெருமூச்சு விட்டு இதை முடித்துவிடலாம். ஆனால் அந்தக் காலமும் அவ்வளவு நேரான கதை இல்லை. டப்பாவும் முழுப் பொய் இல்லை.

உழைப்பு கொடுத்த உடம்பு

மோட்டார் வருவதற்கு முன் இந்தக் கரிசல் சீமையில் கிணற்றுத் தண்ணீர் கமலையில் ஏறியது. மாட்டோடு மனிதனும் வாரியில் ஏறி இறங்கினான். நெசவு கைத்தறியில் நடந்தது. காலால் மிதிக்காமல் ஒரு இழை ஓடாது. வீட்டுக்குள் பெண்களுக்கு உரல், உலக்கை, அம்மி, ஆட்டுக்கல். உடற்பயிற்சி என்று தனியாக ஒரு நேரம் ஒதுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. விளையாட்டும் உழைப்பின் தொடர்ச்சிதான்: கபடி, சிலம்பம், இளவட்டக்கல். நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு இன்றும் இளவட்டக்கல் தூக்குகிறார்கள், பெண்களும் தூக்குகிறார்கள்.

சாப்பாடு கம்பும் சோளமும் குதிரைவாலியும். அரிசிச் சோறு தீபாவளி, பொங்கல், விருந்தாளி வந்த நாள். கம்பில் 100 கிராமுக்குச் சுமார் 11 கிராம் புரதம், அரிசியில் சுமார் 8. பக்கத்தில் கடலை, உளுந்து, தட்டப்பயறு. காட்டில் என்ன விளைந்ததோ அது தட்டுக்கு வந்தது. வயதுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெய் ஊற்றி உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் கருவாடும் உண்டு. தேவை கூடும் பருவத்தில் கூடுதல் உணவு என்ற எண்ணம் நமக்குப் புதிதில்லை என்பதற்கு இவை போதும்.

இதோடு நிறுத்தினால் அழகான படம் கிடைக்கும். ஆனால் 1951 வாக்கில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 ஆண்டுதான். மானாவாரி நிலத்தில் மழை பொய்த்தால் கம்பும் இல்லை, கடலையும் இல்லை. ஒட்டிய வயிறுகளில் பாதிக்குக் காரணம் உழைப்பு என்றால், மறுபாதிக்குப் பசி. கல்லைத் தூக்கி நிறுத்திய இளவட்டங்களை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. தூக்கத் தெம்பில்லாமல் ஓரத்தில் நின்றவர்களை யாரும் எண்ணி வைக்கவில்லை.

கர்லாகட்டையும் பச்சை முட்டையும்

உடம்பை வளர்ப்பதற்கென்றே ஒரு இடம் என்ற பழக்கம் தேகப்பயிற்சிசாலைகளோடு வந்தது. கீற்றுக் கொட்டகை, சுவரில் அனுமார் படம், மூலையில் கர்லாகட்டை, நடுவில் மண் கோதா. தண்டால், பஸ்கி, பார். நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்தால் உடம்புவலி போகும் என்பார் வாத்தியார். உலகப் புகழ்பெற்ற பயில்வான் யூஜின் சாண்டோ 1905 வாக்கில் இந்தியாவைச் சுற்றி வந்து காட்டிய வித்தையின் எதிரொலி, கையில்லாத பனியன் வரைக்கும் நம்மிடம் தங்கிவிட்டது. அந்த சாண்டோவே பின்னாளில் தன் பெயரில் கோக்கோப் பொடி விற்றார், வியாபாரம் படுத்தது. பயில்வான் படம் போட்ட தூளுக்கு வயது நூறுக்கு மேல்.

இந்தப் பயிற்சிசாலைகளிலும் நம்பிக்கைகளுக்குக் குறைவில்லை. விடிந்ததும் பச்சை முட்டையை உடைத்து அப்படியே வாயில் ஊற்றிக்கொள்வது வீரம். 1998இல் பெல்ஜியத்தில் அளந்து பார்த்தார்கள். வேகவைத்த முட்டையின் புரதத்தில் சுமார் 90 விழுக்காடு உடம்பில் சேர்ந்தது. பச்சை முட்டையில் சுமார் 50தான். இத்தனை தலைமுறை பயில்வான்கள் பாதி முட்டையை வீணாக்கியிருக்கிறார்கள். திருவிழாக் கூட்டத்தில் துண்டு விரித்து லேகியம் விற்றவர் சொன்ன பொய்களோ கணக்கில் அடங்காது. உடம்பு ஏற வேண்டும் என்று தவிக்கிறவனிடம் எதையும் விற்கலாம் என்பது டப்பா வருவதற்கு முன்பே தெரிந்த வியாபாரம்.

வீட்டுக்குள் முதலில் நுழைந்த தூள் ஹார்லிக்ஸ். ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்கப் போனால் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், நாலு சாத்துக்குடி. பாட்டில் காலியானதும் அதில் மிளகாய்ப்பொடி. பிறகு ஹார்லிக்ஸ் பிள்ளைகளை உயரமாக்கும் பானமாக விளம்பரத்தில் வளர்ந்தது. 2024 ஏப்ரலில் மத்திய அரசு இத்தகைய பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற தலைப்பில் விற்கக் கூடாது என்று இணையக் கடைகளுக்குச் சொன்னது.

தட்டு மாறிய கதை

நடுவில் இரண்டு மாற்றங்கள் நடந்தன. இரண்டும் நல்லவை. ஒன்று, சோறு வந்தது. 2008இல் ஒரு ரூபாய் அரிசி, 2011இல் விலையில்லா அரிசி. பசி என்ற சொல் இந்த வட்டாரத்தில் அரிதாகிப் போனதற்கு ரேஷன் கடைக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். இரண்டு, உழைப்பு இறங்கியது. கமலை போய் மோட்டார் வந்தது, கைத்தறி போய் விசைத்தறி வந்தது, ஆட்டுக்கல் போய் கிரைண்டர் வந்தது. பெண்களின் முதுகுக்குக் கிடைத்த விடுதலையைப் பழங்கதை பேசிக் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் இரண்டும் சேர்ந்தபோது தட்டில் கம்பும் கடலையும் ஒதுங்கி அரிசியும் மைதாவும் நிறைந்தன. சங்கரன்கோவிலில் சாதாரணமான ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலை நாலு இட்லி, சட்னி. மதியம் சோறு, சாம்பார், ஒரு பொரியல், மோர். சாயங்காலம் டீயோடு ஒரு வடை. ராத்திரி மூணு தோசை, இல்லையென்றால் புரோட்டா சால்னா. வயிறு நிறையும். புரதத்தைக் கூட்டினால் 40, 45 கிராம் தேறுவதே கஷ்டம். 65 கிலோ எடையுள்ளவருக்கு, எந்தப் பயிற்சியும் செய்யாவிட்டாலும், கிலோவுக்கு 0.83 கிராம் வீதம் 54 கிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். பிரியாணிக்குப் பேர் போன ஊர்தான். ஆனால் பிரியாணி தினமும் இல்லை. அதிலும் அரிசிதான் பெரும்பங்கு.

தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு இந்த மாற்றத்தை எண்ணில் காட்டுகிறது. 2015-16இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 விழுக்காட்டினர் எடை கூடியவர்கள், 2019-21இல் 40.4. ஆண்களில் 28.2 இருந்தது 37 ஆனது. கொள்ளு தேவைப்படுகிறவர்கள் எள்ளு தேவைப்படுகிறவர்களைத் தாண்டிவிட்டார்கள்.

ஆக, ஜிம்முக்கு வருகிற பையன் 'புரோட்டீன் பத்தலை' என்று சொன்னால் அவன் சொல்வது பெரும்பாலும் சரி. தப்பு, அடுத்த அடியில் நடக்கிறது.

டப்பாவின் முதுகு

டப்பாவின் முன்பக்கம் புடைத்த புஜம். படிக்க வேண்டியது முதுகு. வே புரோட்டீன் என்றால், பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி எடுத்த பிறகு மிஞ்சும் தண்ணீரை வடிகட்டி, உலர்த்தி எடுத்த தூள். பால் திரிந்தால் வீட்டில் வடித்துக் கொட்டுகிறோமே, அந்தத் தண்ணீரின் சொந்தம். நல்ல டப்பாவாக இருந்தால் 30 கிராம் சொச்சம் உள்ள ஒரு கரண்டியில் 24, 25 கிராம் புரதம். கிலோ டப்பாவில் முப்பது கரண்டி. 3,000 ரூபாய் கொடுத்து வாங்கினால் ஒரு கரண்டி 100 ரூபாய். அதே புரதம் நாலு முட்டையில் இருக்கிறது. ஏறக்குறைய 30 ரூபாயில் முடிந்துவிடும். 100 கிராம் கடலையிலும் இருக்கிறது, இன்னும் மலிவு. ஆனால் கடலையோடு ஏறக்குறைய பாதி எடைக்கு எண்ணெயும் வரும். தொப்பை குறைக்க வந்தவர் அந்தக் கணக்கையும் போட வேண்டும். முட்டை தொடாத வீட்டுப் பையனுக்கு, அதிகக் கலோரி இல்லாமல் புரதம் வேண்டுமென்றால், வே தூள் வசதியான பொருள்தான். அதை மறுக்க வேண்டாம்.

மாஸ் கெய்னர் வேறு கதை. அதன் முதுகைத் திருப்பினால் பெரும்பகுதி மாவுச்சத்து, அதிலும் பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின். சர்க்கரைக்கு அக்கா முறை. ஏற்கனவே சோறும் புரோட்டாவும் தின்று புரதம் போதாமல் வந்தவனுக்கு, விலை உயர்ந்த இன்னொரு வகைச் சோறு.

முதுகில் எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. 2024இல் கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் சிரியக் ஆபி பிலிப்ஸ் குழுவினர், இந்தியாவில் அதிகம் விற்கும் 36 புரதத் தூள்களை ஆய்வகத்தில் பரிசோதித்து 'மெடிசின்' இதழில் வெளியிட்டார்கள். சுமார் 70 விழுக்காட்டுப் பொருட்களில் புரத அளவு லேபிளோடு ஒத்துப்போகவில்லை. 14 விழுக்காட்டில் பூஞ்சை நச்சு, 8 விழுக்காட்டில் பூச்சிமருந்தின் எச்சம். அதே ஆண்டு மே மாதம் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, உடம்பு ஏற்றுவதற்காகப் புரதத் தூள்களை வாங்க வேண்டாம் என்றே சொன்னது.

சங்கரநாராயணர் கோயில் புற்றுமண்ணை நெற்றியில் பூசி, ஒரு துளி வாயிலும் போட்டுக்கொண்டு நோய் தீரும் என்று நம்புகிற ஊர் இது. அந்த நம்பிக்கைக்கு விலைச்சீட்டு இல்லை. புற்றுமண் தன்னை அறிவியல் என்றும் சொல்லிக்கொண்டதில்லை. டப்பா சொல்லிக்கொள்கிறது. கிராம் கணக்கு போடுகிற பொருளிடம் கிராம் கணக்கு கேட்கலாம்.

ஏற்றுவது எது?

புரதம் கூட்டினால் சதை கூடுமா? 2018இல் 49 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 1,863 பேரையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். எடை தூக்கும் பயிற்சி செய்கிறவர்களுக்குக் கூடுதல் புரதம் உதவுகிறது. எவ்வளவு? சில மாதப் பயிற்சியில், புரதம் கூட்டாதவர்களைவிடச் சராசரியாக 300 கிராம் அதிகச் சதை. வளர்ச்சியில் மிச்சமெல்லாம் பயிற்சி தந்தது. ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராமைத் தாண்டினால் அதற்கு மேல் பலன் ஏறவில்லை. 65 கிலோ பையனுக்கு அது 104 கிராம். வழக்கமான சாப்பாட்டோடு ரெண்டு முட்டை, ஒரு கை வறுகடலை, ஒரு கை பொரிகடலை, ஒரு டம்ளர் பால், 100 கிராம் கோழியோ மீனோ சேர்ந்தால் தூள் இல்லாமலே அங்கே போய்விடலாம்.

டப்பாக்களில் உண்மையாக வேலை செய்வதென்று அதிகம் நிரூபணமானது கிரியாட்டின். இறைச்சியில் இயல்பாகவே இருக்கும் சரக்கு. ஆனால் நாளுக்கு 3 முதல் 5 கிராம் வேண்டுமென்றால் ஏறக்குறைய ஒரு கிலோ கறி தின்ன வேண்டும். சட்டென்று முழுப் பலத்தையும் காட்டும் வேலைகளில், எடை தூக்குவதிலும் குறுகிய வேக ஓட்டத்திலும், அது கை கொடுக்கிறது. தசைக்குள் தண்ணீரைச் சேர்த்துக்கொள்வதால் முதல் சில வாரங்களில் எடை ஒன்றிரண்டு கிலோ கூடலாம்.

இங்கேதான் யாருக்காக என்ற கேள்வி வருகிறது. இந்த வட்டாரத்தில் உடம்பைத் தேற்றும் பையன்களில் பலருடைய கனவு ஆணழகன் பட்டம் இல்லை. போலீஸ் தேர்வு, ராணுவ ஆள்சேர்ப்பு. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். கயிறு ஏற வேண்டும். ஓட்டத்துக்குக் கிரியாட்டின் பெரிதாக உதவாது. கயிற்றில் ஏறும்போது கூடின தண்ணீர் எடையையும் சேர்த்து இழுக்க வேண்டும். இன்னொன்று: கிரியாட்டின் சாப்பிடுகிறவரின் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு கொஞ்சம் ஏறித் தெரியலாம். டாக்டரிடம் முன்கூட்டிச் சொல்லாவிட்டால், நல்ல சிறுநீரகத்துக்கு இல்லாத நோயைத் தேடுவார்கள்.

பிரீ வொர்க்கவுட் பொடியில் வேலை செய்வது பெரும்பாலும் கஃபீன். பல பொடிகளில் ஒரே கரண்டியில் ரெண்டு மூணு ஃபில்டர் காபிக்குச் சமமான அளவு. ஓட்டத்துக்கும் எடைக்கும் அது உதவும் என்பது உண்மை. சாயங்காலம் ஆறு மணிக்குக் குடித்துவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் புரள்வதும் உண்மை. உடம்பு தேறுவது அந்தத் தூக்கத்தில்தான். காசு கொடுத்து வாங்கிய பொடி அதையே பறித்துக்கொள்கிறது.

தேறுவதற்கென்று விற்கும் பிசிஏஏ, அத்தியாவசிய அமினோ அமிலங்கள் ஒன்பதில் மூன்றை மட்டும் பிரித்து எடுத்தது. முட்டையிலும் பாலிலும் ஒன்பதும் இருக்கின்றன. போதுமான புரதம் சாப்பிடுகிறவருக்கு இதனால் கூடுதல் லாபம் மிகக் குறைவு. கடும் பயிற்சிக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் வருகிற வலி, பழகாத தசை பழகும் வலி. அதற்குச் சோறு, புரதம், தண்ணீர், எட்டு மணி நேரத் தூக்கம். அந்தக் காலத்து வாத்தியார் சொன்ன எண்ணெய்க் குளியல் சதையை வளர்க்காது. ஆனால் அன்று ராத்திரி அடித்துப் போட்ட மாதிரி தூங்க வைக்கும். பலன் அந்தத் தூக்கத்தில் இருந்தது.

இறக்குவது எது?

எடை குறைக்கும் டப்பாக்கள்தான் மோசம். குடம்புளி மீன் குழம்பில் போடுகிற சாதாரணப் பொருள். அதன் சாறு கார்சீனியா என்ற பெயரில் மாத்திரையாகி உலகம் சுற்றியது. 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வில் 135 பேருக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள். வெறும் பொய் மாத்திரை சாப்பிட்டவர்கள் 4.1 கிலோ. குறைத்தது இரு தரப்புக்கும் கொடுத்த உணவுக் கட்டுப்பாடு. பிற்பாடு இந்தச் சாற்றினால் கல்லீரல் கெட்டுப்போன நோயாளிகளைப் பற்றிய செய்திகளும் மருத்துவ இதழ்களில் வந்தன. கிரீன் டீ குடிப்பதில் வம்பில்லை; அதன் சாற்றைக் கெட்டியாக்கி மாத்திரையாக விழுங்குவதில் கல்லீரலுக்கு ஆபத்து உண்டு என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. இதயத்தைப் பாதிக்கிறது என்பதால் இந்தியா 2011இல் தடை செய்த சிபுட்ராமின் என்ற மருந்தை, 'முழுக்க மூலிகை' என்று விற்ற மெலியும் மாத்திரைகளுக்குள் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் பழமொழி ஜெயிக்கிறது. எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய். 100 கிராமில் 500 கலோரிக்கு மேல். கொள்ளில் எண்ணெய் பெயரளவுக்குத்தான். 20 கிராமுக்கு மேல் புரதம், நிறைய நார். கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் என்று சொல்வது கட்டுக்கதை. ஆனால் கொள்ளு தின்றவருக்கு வயிறு நிறையும், அடுத்த புரோட்டா குறையும், குறைந்த தீனியிலும் தசை காக்கப் புரதம் கிடைக்கும். ஃபேட் பர்னர் செய்ய முடியாத வேலையை அது ஓசையில்லாமல் செய்கிறது. ரசமாக வடித்துத் தண்ணீரை மட்டும் குடிப்பதைவிட, பயறாகவே தின்றால் இன்னும் நல்லது.

யாருக்கு வேண்டும்?

அன்றிலிருந்து இன்று வரை மாறாதது ஒன்று உண்டு. வீட்டில் கூடுதல் சத்து முதலில் இளவட்டத்துக்குத்தான் போகும். அன்று கல் தூக்குகிறவனுக்கு முட்டை. இன்று ஜிம்முக்குப் போகிறவனுக்கு 3,000 ரூபாய் டப்பா. இருபது வயதில் அவனுக்கு நன்றாகப் பசிக்கும், எதைத் தின்றாலும் செரிக்கும், பயிற்சியே சதையை இழுத்துக் கொடுக்கும். டப்பாவால் மிகக் குறைந்த லாபம் அடையப்போவது அவன்தான்.

அரசுப் பள்ளிகளில் வழங்கும் முட்டை இதைச் சரியாகப் புரிந்துகொண்ட திட்டம். 1982இல் விரிந்த சத்துணவில் 1989இல் முட்டை சேர்ந்தது. 2010இல் வாரம் 5 முட்டை ஆனது. தமிழ்நாட்டின் ஆகப் பெரிய புரோட்டீன் சப்ளிமெண்ட் அதுதான். தேவை கூடிய வயதுக்கு, உணவாகவே போய்ச் சேர்ந்தது. பள்ளியை விட்ட பிறகு அப்படிக் கவனிக்க யாருமில்லை.

நாற்பதைத் தாண்டினால் ஆண்டுக்கு ஆண்டு தசை கரையத் தொடங்கும். அறுபத்தைந்தைத் தாண்டியவருக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்று முதியோர் ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் 2013இலேயே பரிந்துரைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் பாட்டி என்ன சாப்பிடுகிறாள்? காலையில் டீயில் நனைத்த ரஸ்க், மதியம் ரசஞ்சோறு, ராத்திரி ரெண்டு இட்லி. பல் இல்லை, கறி மெல்ல முடியாது, பயறு வாயு என்று ஒதுக்கிவிட்டாள். நாள் முழுக்க 30 கிராம் தேறினால் பெரிது. விசைத்தறியில் நின்றபடி எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சக் குழம்பை ஊற்றிச் சாப்பிடும் அம்மாவின் கணக்கும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. குனிந்து குடத்தைத் தூக்க முடியாமல் போவதும், தடுக்கி விழுந்து இடுப்பு முறிவதும் தசை கரைந்த உடம்புக்கு நடப்பவை.

வீட்டில் புரதத்துக்கென்று மாதம் 3,000 ரூபாய் ஒதுக்க முடிந்தால் கணக்கை இப்படிப் போடலாம். முதலில் எல்லோருக்கும் முட்டை, பால், பயறு, கடலை. அடுத்து, சிறுநீரகக் கோளாறோ சர்க்கரையோ இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு, மென்று தின்ன முடியாத பெரியவர்களுக்குக் கஞ்சியில் கலக்க ஒரு தூள். அவர்களும் தினம் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்கார்ந்தால் அந்தப் புரதம் தசையாகும். அதற்கப்புறமும் காசு மிஞ்சினால் பையனுக்கு டப்பா வாங்கலாம்; வாங்கும்போது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) உரிம எண்ணையும் முதுகில் உள்ள கிராம் கணக்கையும் பார்த்து வாங்கலாம். ஃபேட் பர்னருக்கு இந்தப் பட்டியலில் இடமே கிடையாது.